டீசல் காரில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? ஏற்காடு ஏறும் வண்டிகளுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கம்

சேலத்துக்குள் ஓடும்வரை டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசையாது. அதே வண்டி அடிவாரம் தாண்டி ஏற்காட்டுச் சாலையில் பத்து வளைவு ஏறுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும். பட்டறைக்குப் போனால் முதல் வார்த்தையே "ஹெட் கேஸ்கெட் போச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்று வரும். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். போயிருக்கலாம். ஆனால் சில நூறு ரூபாய் ரேடியேட்டர் மூடி கெட்டாலும் இதே அறிகுறிதான். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒரே பதிலைச் சொல்லாமல் ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைக்கக் கூடாது.

புளூடூத் ஓபிடி ரீடர் (எஞ்சின் கணினியின் எண்களைப் போனில் காட்டும் கருவி) ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். இப்போதைய பல கார்களில் டேஷ்போர்டு முள் உண்மையைச் சொல்வதில்லை. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ரீடரில் சமவெளியில் 85 முதல் 95 வரை காட்டினால் சரி. மலையேற்றத்தில் 100-ஐ ஒட்டிப் போய், சமன் வந்ததும் இறங்கினால் அதுவும் சரி. 110-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டிய நேரம்.

வண்டி இப்போதே மலையில் கொதித்து நிற்கிறது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வளைவில் நிற்காமல், அகலமான ஓரம் பார்த்து ஒதுங்குங்கள். கூலன்ட் வெளியே கொட்டவில்லை என்றால் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பேன் ஓடி, டர்போவும் ஆறும். கொட்டியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், வெறும் கேஸ்கெட்டோடு போயிருக்க வேண்டிய செலவு ஹெட் வெடிப்பு வரை போகும்.

எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டி இறங்கலாம் என்றோ, கயிறு கட்டி இறக்கலாம் என்றோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவில் அது வேண்டாத வேலை. வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியை அழையுங்கள்.

அறிகுறி 1: மலையில் மட்டும் சூடேறுகிறது, ஊருக்குள் ஒன்றுமில்லை

கேஸ்கெட்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். வரிசை இது:

கூலன்ட் மட்டம். குளிர்ந்த எஞ்சினில், காலையில் பாருங்கள். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள வண்டியில் ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மூடியைத் திறந்தே பாருங்கள்.

மூடி. இதை யாரும் சந்தேகிப்பதில்லை, ஏற்காட்டில் முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுதான். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை 120-ஐ ஒட்டி நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு சேலத்தில் ஒரு வருடம்கூட ஓட்டலாம். மேலே போனதும் கூலன்ட் கொதித்து டேங்கிலிருந்து வழியும். ரப்பர் வெடித்திருந்தாலோ மூடி நான்கைந்து வருடப் பழசு என்றாலோ மாற்றிவிடுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தமே புதியதிலும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் "கொஞ்சம் ஸ்ட்ராங்" மூடி போட்டால் அடுத்து வெடிப்பது ஹோஸ்.

பேன். நின்றபடி ஏசியைப் போட்டுப் பாருங்கள். முதல் வேகம் வர வேண்டும். சூடு ஏற ஏற இரண்டாம் வேகம் வர வேண்டும். இரண்டாம் வேகம் வராததற்குப் பெரும்பாலும் ரெசிஸ்டர் அல்லது ரிலேதான் காரணம். பேன் கெட்ட வண்டி நின்றால், மெதுவாகப் போனால் சூடேறும், ஓட்டினால் ஆறும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வரிசையாக ஊர்ந்து ஏறும்போது இது தெளிவாகத் தெரியும்.

ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் புழுதி. முன்னால் பார்த்தால் சுத்தமாக இருக்கும். பம்பரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் பூச்சியும் பஞ்சும் மெத்தை போட்டிருக்கும். உள்ளிருந்து வெளியே, சாதாரண குழாய் வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் வைத்து அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட். எஞ்சின் 90-ஐத் தாண்டிய பிறகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் திறக்கவில்லை என்று பொருள். "கழற்றிப் போட்டுட்டா பிரச்சினையே இல்லை" என்பது நம்மூர் வைத்தியம். பைபாஸ் உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவிடும். மலையில் இன்னும் சூடேறும்.

உள்ளே படிந்த உப்புக் காரை. போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இதுதான் வியாதி. பக்கெட்டில் வெள்ளைக் கறை விடும் அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். இந்த வண்டி நின்றால் சூடேறாது. பாரத்தோடு ஏறினால் ஏறும். ரேடியேட்டர் முகத்தில் கை வைத்தால் சில இடம் சூடாக, சில இடம் குளிர்ந்து இருக்கும். அலுமினிய ரேடியேட்டர் என்றால் மாற்றுவதே நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்து, சூடு படிப்படியாக ஏறாமல் திடீரென்று எகிறினால், அப்போது ஹீட்டரைத் திருப்பிப் பாருங்கள். சேலத்துக்காரர் யாரும் ஹீட்டர் திருகியைத் தொடுவதில்லை, அதனால் இந்த நல்ல சாட்சி வீணாகிறது. முள் மேலே போகும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது மூன்றாம் அறிகுறி.

அறிகுறி 2: கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

ஹோஸ் முனை, வாட்டர் பம்பின் கீழுள்ள சிறு துளை, ஹீட்டர் ஹோஸ், பயணி பக்கக் கால்மிதியின் ஈரம். இந்த நான்கையும் பார்த்தபின், மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றும் ப்ரெஷர் டெஸ்டர் போடுங்கள். குளிர்ந்த எஞ்சினில், மூடியில் எழுதிய அழுத்தம் வரை மட்டும் அடித்து, 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உள்ளே போகிறது.

உள்ளே போவதற்கு மூன்று வழி உண்டு: ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விப்பது), ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட். டீசல் கார்களில் ஈஜிஆர் கூலர் உள்ளே வெடித்து, கூலன்ட் புகையோடு போவது சகஜம். அதன் ஹோஸ் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, கூலரைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, திரும்ப அழுத்தம் ஏற்றுங்கள். இப்போது முள் நின்றால் ஹெட் தப்பித்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஹெட்டை இறக்கி, எல்லாம் பூட்டிய பிறகும் கூலன்ட் குறைகிறதென்று திரும்பி வரும் வண்டிகள் நிறைய. ஹோஸ் எட்டாத இடத்தில் கூலர் இருந்தாலோ, ஹெட்டோடு சேர்ந்தே இருந்தாலோ, இதோடு பட்டறைக்கு விடுங்கள்.

அறிகுறி 3: கூலன்ட் டேங்கில் குமிழி, ஹோஸ் கல்லாக இறுகுகிறது

சந்தேகம் இங்கேதான் கனக்கிறது. டீசல் எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் மிக அதிகம். கேஸ்கெட் விட்டால் தண்ணீர் ஆயிலில் கலப்பதற்கு முன்பே புகை தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிடும்.

காலைச் சோதனை: இரவெல்லாம் நின்ற வண்டியின் மூடியைத் திறந்து மூடுங்கள். ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். தண்ணீர் இன்னும் சூடே ஆகவில்லை, ஹோஸ் மட்டும் இறுகிவிட்டது என்றால் அது சூட்டின் அழுத்தம் அல்ல, புகையின் அழுத்தம். இன்னொரு வழி: முந்தைய நாள் மலையேறி இறங்கி நிறுத்திய வண்டி, மறுநாள் குளிர்ந்த பிறகும் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று சீறி, மட்டம் மேலே எழுந்தால் அதுவும் அதே சாட்சி.

நீலத் திரவச் சோதனை: டேங்க் வாயில் வைக்கும் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, மேலே வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகும், டீசலில் பெரும்பாலும் பச்சையாகும். ஐடிலில் டீசல் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, அதனால் ஐடிலில் மட்டும் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது தவறு. வண்டியை ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு வந்து, 2,500 ஆர்பிஎம்-இல் வைத்து, கூலன்ட் திரவத்துக்குள் ஏறிவிடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். ஈஜிஆர் கூலர் ஓட்டையும் நிறத்தை மாற்றக்கூடும். ஆகவே கூலரை விலக்கிவிட்டுச் செய்யுங்கள்.

எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமென்றால், க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) துளை வழியாக, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேல் உச்சியில் நின்று வால்வுகள் மூடியிருக்கும்போது கம்ப்ரஸர் காற்றை 6 அல்லது 7 பார் விடுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் சுழன்றுவிடும். டேங்கில் குமிழி வந்தால் அந்த சிலிண்டர்தான். ஆயில் மூடி வழியாகக் காற்று வந்தால் ரிங், சைலென்சர் வழியாக வந்தால் வால்வு.

க்ளோ பிளக்கைக் கழற்றுவதே இதில் பெரிய ஆபத்து. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நிதானமாக முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். இறுகிப் பிடித்தால் விட்டுவிடுங்கள். ஒன்று உடைந்து ஹெட்டில் தங்கினால் அதை எடுக்கத் தனி ஆள், தனிக் கருவி வேண்டும்.

கம்ப்ரஷன் பார்ப்பதானால் டீசல் கேஜ் வேண்டும், 60 அல்லது 70 பார் வரை படிப்பது. பெட்ரோல் கேஜ் தாங்காது. பொதுவாக 20 முதல் 30 பார் வரும். எண்ணை விட சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசமே முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவிலுள்ள கேஸ்கெட் பாலம் போயிருக்கிறது.

அறிகுறி 4: வெள்ளைப் புகை

டிசம்பர், ஜனவரி காலையில் ஏற்காட்டில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் மூச்சு விடும். எஞ்சின் சூடாகி பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் பாருங்கள். கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல்: க்ளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள். இனித்த வாடை, ஈரப் புகை, கூடவே கூலன்ட் குறைவு என்றால் இரண்டாம் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: ஆயில் பால் காப்பி நிறத்தில்

ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போலப் படிந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகவே இருந்தால் பயப்படாதீர்கள். எஸ்டேட்டுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில், பனிமூட்டக் காலத்தில், உள்ளே ஊறும் ஈரம்தான் அது. ஒருமுறை சேலம் இறங்கி ஒரு மணி நேரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

டிப்ஸ்டிக்கிலேயே காப்பி நிறம் என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சந்தேகமிருந்தால் வேண்டாத பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சடசடவெனப் பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. ஆயில் மட்டம் ஏறியிருந்தும் நிறம் மாறாமல், நீர்த்து, டீசல் வாடை வந்தால் அது வேறு கதை: இன்ஜெக்டர் கசிவு, அல்லது பிஎஸ்6 வண்டிகளில் டிபிஎஃப் (புகைக் கரி வடிகட்டி) சுத்தமாகும் வேலை பாதியில் நின்றுபோவது.

கூலன்ட் டேங்கில் ஆயில் மிதந்தால் முதல் குற்றவாளி ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலுள்ள ஆயில் கூலர். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீரை விட அதிகம், அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். ஹெட்டை இறக்குவதற்கு முன் கூலரைக் கழற்றிச் சோதியுங்கள்.

அறிகுறி 6: காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிடுகிறது

பேட்டரி சரியாக இருந்தும் இப்படி நின்றால் சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கனெக்டிங் ராடு வளையும். க்ளோ பிளக் எல்லாவற்றையும் கழற்றி, விலகி நின்று சுற்றவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சிய துளை எதுவோ அதுதான் சிலிண்டர். ஈஜிஆர் கூலர் ஓட்டை வழியாகவும் தண்ணீர் சிலிண்டருக்குள் வரக்கூடும், ஆகவே இரண்டாம் அறிகுறியில் சொன்னபடி கூலரை விலக்கிச் சோதித்த பிறகே ஹெட் இறங்க வேண்டும்.

ஹெட்டை இறக்குவது: நீங்களே செய்ய வேண்டுமா?

டார்க் ரெஞ்ச், கோண கேஜ், டைமிங் பூட்டும் பின், டயல் கேஜ், அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவல். ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் பட்டறைக்கு விடுங்கள். டைமிங் ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் மோதக்கூடும்.

காமன் ரெயில் அழுத்தம் 1,500 பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது குழாயைத் தளர்த்துவது தோலைக் கிழித்து உள்ளே போகும் காயம். அணைத்துப் பத்து நிமிடம் கழித்தே தொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூடிவிடுங்கள். இன்ஜெக்டர்களில் 1, 2, 3, 4 என்று குறியிட்டு, எடுத்த சிலிண்டரிலேயே திரும்பப் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றின் குறியீட்டு எண்ணும் ஈசிஎம் எனும் எஞ்சின் கணினியில் பதிந்திருக்கிறது.

எஞ்சின் ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு, போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கால் திருப்பாக, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்துங்கள். இறக்கிய ஹெட்டை முகம் கீழே வைத்துத் தரையில் போடக் கூடாது. இன்ஜெக்டர், க்ளோ பிளக் நுனிகள் அடிபடும். இரண்டு மரக்கட்டை மேல் வையுங்கள்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். எங்கே எரிந்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். இரண்டு சிலிண்டர் நடுவில் என்றால் சூடு, ஓரத்தில் ஓரிடம் என்றால் ஹெட் வளைவு, எங்கும் லேசாக என்றால் போல்ட் தளர்வு. கேஸ்கெட் தானாகப் போவது அபூர்வம். அதைக் கொன்றது மூடியோ பேனோ உப்புக் காரையோ. அதைக் கண்டுபிடிக்காமல் பூட்டினால் அடுத்த மலையேற்றத்தில் புதியதும் போகும்.

ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட் முகத்தின் மேல் நீளவாக்கில், குறுக்கில், மூலைவிட்டமாக என ஆறு நிலையில் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் மிஷின் ஷாப். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் பெரிது என்பதால் ஃபேசிங் அடிக்க (ஹெட் முகத்தைச் சீவிச் சமன் செய்ய) இந்த வட்டாரத்தில் அலைய வேண்டியதில்லை. ஆனால் லாரி ஹெட்டுக்குப் பழகிய கையிடம் கார் ஹெட்டைக் கொடுக்கும்போது முன்பே சொல்லிவிடுங்கள்: சில டீசல் கார் ஹெட்களில் ஃபேசிங்குக்கு அனுமதியே இல்லை, சிலவற்றில் ஒரு நூலளவுதான். அதிகம் சீவினால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவிடும். ஃபேசிங்குக்கு முன் வெந்நீர்த் தொட்டியில் ப்ரெஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டுக்கு ஃபேசிங் கூலி வீண்.

பிளாக் முகத்தை பிளாஸ்டிக் சுரண்டியாலும் தின்னராலும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டர் பிரஷ் வைத்தால் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்று அடித்து வெளியேற்றுங்கள். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே விரியும்.

கேஸ்கெட் தடிமன் மூன்று நான்கு வகையாக வரும். ஓரத்திலுள்ள வெட்டு அல்லது துளை எண்ணிக்கைதான் அடையாளம். பிஸ்டன் உச்சியில் பிளாக் முகத்தை விட எவ்வளவு எழுந்து நிற்கிறது என்று டயல் கேஜில் எல்லாப் பிஸ்டனையும் அளந்து, அதிகமானதை வைத்து மேனுவல்படி எடுங்கள். பிளாக்கைத் தொடவில்லை, பழையது ஒரிஜினல் என்றால் அதே எண்ணிக்கை போதும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டை உலர்வாகவே வையுங்கள். அனபாண்ட் (கேஸ்கெட் பசை) தடவும் பழக்கம் இங்கே ஆகாது. டைமிங் கவர் சேரும் மூலையில் மேனுவல் கேட்டால் மட்டும் ஒரு சொட்டு. கோணத்தில் இறுக்கும் போல்ட் இழுபட்டு நீளும் வகை, புதிது போடுங்கள். மரையிலும் தலை அடியிலும் லேசாக எண்ணெய். நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதலில் டார்க், பிறகு கோணம், மேனுவல் எண்படி. இன்ஜெக்டர் அடியில் புதுச் செப்பு வாஷர். டைமிங் பூட்டியபின், பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் நிறுத்துங்கள்.

தெர்மோஸ்டாட், மூடி, வாட்டர் பம்ப் மூன்றையும் இதே தடவை மாற்றுவது சிக்கனம். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. கேன் தண்ணீர்கூட வேண்டாம். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகைத் திறந்து நிதானமாக நிரப்புங்கள். ஆயிலும் ஃபில்டரும் புதிது. தண்ணீர் கலந்திருந்த எஞ்சின் என்றால் 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை.

ரேடியேட்டரில் மஞ்சள்தூளோ, முட்டை வெள்ளையோ, ஸ்டாப் லீக் டப்பாவோ ஏற்கெனவே ஊற்றியிருந்தால் பட்டறையில் மறைக்காமல் சொல்லுங்கள். ஹீட்டர் கோரையும் ஆயில் கூலரையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம் மலைக்கு வேண்டாம். ஓமலூர் வரை போய் வந்து, குளிரவிட்டு, மட்டம் பாருங்கள். மறுநாள் காலை ஹோஸ் சோதனை. அதன்பிறகு அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு, ஏசி அணைத்து, மூன்றாம் கியரில் திணறவிடாமல் இரண்டாம் கியரில் 2,000 ஆர்பிஎம்-ஐ ஒட்டி, ஓபிடி எண்ணைப் பார்த்தபடி. ஒரு வாரம் தினமும் காலையில் மட்டம் குறித்துவையுங்கள். முதல் இரண்டு நாள் அரை லிட்டருக்குள் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறுகிறது. மூன்றாம் நாளும் இறங்கினால் ப்ரெஷர் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள். கோணத்தில் இறுக்கிய போல்ட்டை ஆயிரம் கிலோமீட்டர் கழித்து "ஒரு தடவை டைட் பண்ணிடலாம்" என்று யாரையும் தொடவிடாதீர்கள்.